வலிக்காத புண்

ஜனவரி 18, 1994

மாமாவின் ரிக் வண்டி விடியலில் மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பிவிட்டது. இனி ஆடியில் அங்கே மழை பிடித்து, போர் போடுகிற வேலை நின்றால்தான் திருச்செங்கோட்டுப் பக்கம் தலை காட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். பாதி வருசம் பூமியைத் துளைப்பார், மீதி வருசம் வீட்டில் உட்கார்ந்து என்னைத் துளைப்பார்.

இந்த டைரி அவர் முதலாளி கொடுத்தது. அட்டையில் ரிக் படம். “உனக்குத்தான் வாய் நீளமாச்சே, இதுல பேசு” என்று கொடுத்துவிட்டுப் போனார். பேசுகிறேன்.

அவர் விட்டுப்போன துணி ஒரு குண்டா நிறைய. ரிக் ஆள் துணியைத் துவைக்கத் தனிப் படிப்பே வைக்கலாம். கிரீஸ் கறைக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும், அப்புறம் வெந்நீர், அப்புறம் சோப்பு. பேண்ட்டெல்லாம் அப்படித்தான் வெளுத்தேன். ஒரு லுங்கியை மட்டும் தனியாக எடுத்து, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைத்துக் கசக்கினேன். அதிலும் கிரீஸ் கறைதான்.

இந்தத் தடவை தொடை இடுக்கில் ‘ரிக் சூடு’ என்று தேங்காயெண்ணெயில் மயில்துத்தம் குழைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கம்ப்ரசர் சூடும் டீசலும் பட்டால் வருமாம். ரிக்கில் போகிற எல்லோரிடமும் அந்த டப்பா இருக்கிறது. “வலிக்குதுங்களா மாமா?” என்று கேட்டேன். “வலியே இல்ல, வெறும் சூடு” என்றார்.

பிப்ரவரி 3

மேகலை பள்ளிக்கூடத்தில் ஓடி விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தாள். பாவாடையெல்லாம் ரத்தம். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை துணியோடு பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன், போய்விட்டது. நாலாவது படிக்கிற என் மகளுக்கு இன்னும் நடக்கத் தெரியவில்லை.

மார்ச் 10

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அந்த இடத்தில், மிளகு மாதிரி ஒன்று. வலியில்லை. வெயில் ஏறுகிறதே, சூட்டுக் கட்டியாக இருக்கும்.

பெரிய எருமை இன்று கன்று போட்டது. கிடேரி. சீம்பால் காய்ச்சி அத்தைக்கும் மேகலைக்கும் கொடுத்தேன். அத்தை என்றால் என் மாமியார் பாவாயி. இனிப்புக் குறைவு என்றார். அவருக்கு நான் போட்ட இனிப்பு என்றைக்குப் போதுமாக இருந்திருக்கிறது?

மார்ச் 29

மிளகு உடைந்து புண்ணாகிவிட்டது. பச்சைச் சதை மாதிரிச் சிவப்பு. துணி உரசினால் ரத்தம் கசிகிறது. ஆனால் வலி என்று ஒரு பொட்டு இல்லை. வலிக்காத புண்ணை நான் பார்த்ததே இல்லை. வலித்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். வலிக்காததால் நாளைக்கு, நாளைக்கு என்று போகிறது.

அத்தையிடம் “கட்டி” என்று மட்டும் சொன்னேன். “வெந்தயத்த ஊற வெச்சுக் குடி அம்மிணி. அடிவயித்துல வெளக்கெண்ண தடவு. எல்லாஞ் சூடுதான்” என்றார். குடித்தேன், தடவினேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. சாமி கும்பிட்டேன். புண் பெரிதாகியிருக்கிறது.

ஏப்ரல் 26

இன்று தாங்க முடியாமல் கடைவீதிப் பக்கம் இருக்கிற ஒரு நர்சிங் ஹோமுக்கு அத்தையோடு போனேன். தாங்க முடியாதது வலி அல்ல, பயம். டாக்டரம்மா எட்டி நின்று பார்த்தார். மூக்கில் கைக்குட்டை. “எத்தனை நாளா இப்படி வெச்சிருக்கே?” என்று ஒரு அதட்டல். பிறகு என்னிடம் பேசாமல் அத்தையை உள்ளே கூப்பிட்டார். கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது. கேன்சர் மாதிரி தெரிகிறதாம். முற்றியிருக்கலாமாம். சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கை என்னைப் பிடித்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. மேகலைக்கு யார் தலை பின்னுவார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஏப்ரல் 29

ரிக் ஆபீசிலிருந்து மாமாவுக்குத் தகவல் போயிற்று. வருகிறாராம்.

வீடு நிறையச் சனம். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டி பாக்கெட். கேன்சர் என்றதும் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. சீர் செய்வதில் என்னோடு சண்டை போட்டு இரண்டு வருசமாய்ப் பேசாத நங்கையா வந்து காலைப் பிடித்துவிட்டார். மாமாவின் அக்காவுக்கு என் கால் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு வசந்தாமணி மட்டும் நின்றாள். மாமா வண்டியில் ஹெல்பராகப் போகிற குமரேசனின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகாத சின்னப் பெண்.

“ரொம்ப வலிக்குதுங்ளாக்கா?”

“வலியே இல்ல அம்மிணி. அதான் அதிசயம்.”

“துளிகூட இல்லீங்ளா?”

இல்லை என்றேன். கொண்டுவந்த வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மே 4

மாமா வந்துவிட்டார். ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தாராம். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். ரிக்கார அர்த்தநாரி அழுது இந்த ஊர் பார்த்ததில்லை. “மலைச் சாமிக்கு வேண்டிக்கிட்டேன். நீ பொழச்சு வந்தா விரதமிருந்து மொட்ட போடறன்னு” என்றார்.

அவர் மேல் எனக்கு அப்போது அவ்வளவு பிரியம் வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மே 9

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கேன்சர் பிரிவில் பார்த்துவிட்டு, “எதற்கும் தோல் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும்” என்று அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் ரிடையராகப் போகிற வயசு டாக்டர். கைக்குட்டை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வலிக்கிறதா என்று அழுத்திக் கேட்டார். “இல்லீங்க” என்றேன். எதையோ எதிர்பார்த்தவர் மாதிரித் தலையாட்டினார். ஓரத்தில் ஒரு துளி சதையைச் சுரண்டி, இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவே வைத்து நசுக்கி எடுத்துக்கொண்டு போனார். தனியாக ஒரு துணுக்கு, கேன்சர் இல்லை என்று உறுதிசெய்ய. கொஞ்சம் ரத்தம், வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க.

ஒரு மணி நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்.

“உங்களுக்கு இது கேன்சர்னு யாரும்மா சொன்னா? இது ஒரு கிருமி. மாத்திரைலயே ஆறிடும்.”

பக்கத்தில் கண்ணாடிக் கருவி இருந்தது. பார்க்கிறீர்களா என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. ஒரு திட்டுக்குள்ளே குட்டிக் குட்டியாய், இரண்டு முனையும் கறுத்து.

“ஊக்கு மாதிரி தெரியுதா? மூடின ஊக்கு. அதான் கிருமி. நூறு வருசம் முன்னாடி மெட்ராஸ்லதான் இந்த வியாதியைப் பாத்து மொதல்ல எழுதி வெச்சாங்க. நம்ம ஊருக்குப் பழைய விருந்தாளி.”

என் கை தானாகத் தாலிக்கொடிக்குப் போயிற்று. அதில் எப்போதும் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருப்பேன். அவசரத்துக்கு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன்.

“எப்படி வருமுங்க?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சேர்க்கைலதாம்மா வரும். சூட்டுல வராது. டீசல்ல வராது. இருக்கறவங்க கிட்டேர்ந்து அடுத்தவங்களுக்கு. வலி இல்லாததால வெச்சிருக்கறவனுக்கே பெருசாத் தெரியாது. சும்மா சூடுன்னுட்டு இருப்பான். உங்க வீட்டுக்காரர் வெளியூர் போறவரா?”

“ரிக்குக்குப் போறாருங்க.”

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

“ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டாத்தான் பிரயோசனம். நீங்க மட்டும் ஆறினா திரும்ப வரும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. புண்ணு முழுசா மூடற வரைக்கும், குறைஞ்சது மூணு வாரம். மேல காஞ்சுருச்சுன்னு நிறுத்தக் கூடாது. அவர் வண்டில இருக்கறவங்களையும் வந்து காட்டச் சொல்லுங்க. அவங்க வீட்டுப் பொம்பளைங்களையும்.”

பிறகு மாமாவை உள்ளே அழைத்தார். கதவு மூடியிருந்தது. வெளியே வந்தபோது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் எனக்குக் கொடுத்த மாதிரியே ஒரு சீட்டு.

மே 10

நேற்று பஸ் சங்ககிரி தாண்டியதும்தான் மாமா வாயைத் திறந்தார்.

“வலிச்சிருந்தா நான் காட்டியிருக்க மாட்டனா?” என்று ஆரம்பித்தார். “வண்டில எல்லாருக்கும் இருக்குது புள்ள. ரிக் சூடுன்னுதான் நெனச்சோம். கெட்ட சீக்குன்னா எரியும், சீழ் வெக்கும்னு சொல்லுவாங்க. இது ஒண்ணுமே பண்ணல.”

“யாருங்க அது?”

“ரோட்டோரம் ஒரு டாபா. அங்க.”

“பேரு?”

“பேரெல்லாம் யாருக்குத் தெரியும்.”

போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்கும் இதே வலிக்காத புண் இருக்கும். அவள் யாரிடம் காட்டுவாள்? அவளுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு யார் போவார்கள்? பேர்கூடத் தெரியாத ஒருத்தியோடு என்னைச் சேர்த்துக் கோத்துவிட்டு இந்த ஆள் சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்.

ஊர் நெருங்கியபோது என் பக்கம் திரும்பினார். “எல்லாருக்கும் கேன்சர்னு தெரியும். அப்படியே இருக்கட்டும் சம்பூரணம். சாமி காப்பாத்துச்சுன்னு சொல்லிக்கலாம். வெளிய தெரிஞ்சா எனக்கு வண்டி கெடைக்காது. மேகலையக் கட்டிக் குடுக்கோணும்.”

கடைசி வாக்கியத்தை ரொம்ப யோசித்து வைத்திருந்தார் போல.

நான் சொன்னேன்: “சரிங்க. நான் வாயத் தொறக்கல. ஆனா நீங்க காலைலயும் ராத்திரியும் எம்முன்னால வாயத் தொறந்து முழுங்கோணும்.”

மே 16

காப்சூல் சாப்பிட்டால் வயிறு எரிகிறது. சோற்றுக்குப் பிறகு சாப்பிட்டால் பரவாயில்லை. தையல் வேலையை விடவில்லை, ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் இரண்டு தைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வந்துவிட்டது. கேன்சர் இல்லை. ரத்தத்தில் இருவருக்கும் வேறு நோயும் இல்லை. மாரியம்மன் கோயில் பக்கமாக நடந்து வந்தேன். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றே அழுதேன்.

புண்ணின் ஓரம் உள்வாங்குகிறது.

மே 19

மாமா விரதம் தொடங்கிவிட்டார். ஒருவேளைச் சாப்பாடு, தனிப் பாய். இன்று காப்சூலை நீட்டினால் “விரதத்துல இங்கிலீஷ் மருந்து ஆகாது” என்கிறார். எனக்காக இருக்கிற விரதமாம்! “காஞ்சுருச்சு, அவ்வளவுதான்” என்று வேறு சொல்கிறார். அத்தையும் “எம்மவன எதுக்கு மருந்து திங்கச் சொல்ற? சீக்கு உனக்குத்தானே?” என்று கேட்டார்.

சத்துக் காப்சூல் என்றேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வெளியே போய்விட்டார்.

மே 22

மலைக்கு எல்லோரும் போனோம். மாமா மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். நங்கையா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வருகிறார்: “இப்பிடி ஒரு புருசன் யாருக்கு வாய்க்கும்? பொண்டாட்டிக்காக மயிரக் குடுத்துக் கேன்சரையே வெரட்டீட்டான்.” அவரவர் வந்து மாமாவின் கையைப் பிடித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன், நல்லபடியாகச் சிரித்தேன்.

எங்கள் மலைச் சாமி பாதி ஆண், பாதி பெண். இருவருக்கும் ஒரே உடம்பு. சன்னிதியில் நிற்கும்போது தோல் டாக்டர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பிரயோசனமில்லை.

பிரசாதம் சாப்பிட எல்லோரும் உட்கார்ந்தபோது மடியிலிருந்து காப்சூலை எடுத்து மாமாவின் இலை ஓரத்தில் வைத்தேன். “விரதம் முடிஞ்சுதுங்களே மாமா. முழுங்குங்க.” சத்தமாகத்தான் சொன்னேன். நங்கையா “இது என்னது?” என்றார். மாமா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

இறங்கும்போது அத்தை மகனுக்குப் பக்கத்தில் நடக்காமல் எனக்குப் பக்கத்தில் நடந்தார்.

மே 23

அத்தையே இன்று காலையில் மாமாவிடம் சொம்புத் தண்ணீரோடு போய் நின்றார். “முழுங்கு.” அவ்வளவுதான் சொன்னார்.

ஜூன் 15

டாக்டரிடம் இருவரும் காட்டினோம். புண் மூடிவிட்டது, தழும்பு இருக்கும் என்றார். மாமாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் தொடரச் சொன்னார். “வண்டி ஆளுங்களை ஏன் கூட்டிட்டு வரலை?” என்று கேட்டார். “அவங்கல்லாம் வடக்க இருக்காங்க” என்றார் மாமா. “வீட்டுப் பொம்பளைங்க?” மாமா தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன்.

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் விழுங்குகிறார், நான் பேசாமல் இருக்கிறேன்.

ஜூன் 27

எருமைக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கடலைக் காட்டில் மேய்ந்துவிட்டது. காட்டுக்காரம்மா வாசலில் நின்று கத்தினார். “கேன்சர்ல பொழச்சவன்னு பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 20

வடக்கே மழை பிடித்துவிட்டது. ரிக் வண்டிகள் வரிசையாகத் திரும்புகின்றன. ஊரெல்லாம் ஆம்பளைக் குரல். குமரேசனும் வந்துவிட்டான். போன மாசி நோம்பிப் பண்டிகைக்கு வந்து போனதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். மாமாவோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பையில் அந்த மயில்துத்தம் டப்பா எட்டிப் பார்த்தது.

அதை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 24

தூக்கம் சரியில்லை. துணி தைக்கும்போது கை தவறி அளவு மாறிவிட்டது. பிரித்துத் தைத்தேன்.

ஜூலை 29

மத்தியானம் வசந்தாமணி வந்தாள். மாமா டீக்கடைக்குப் போயிருந்தார். அத்தை எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஜாக்கெட் துணி கொண்டுவந்திருந்தாள். அளவு எடுக்க நாடாவைக் கையில் எடுத்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். இளைத்துப் போயிருந்தாள்.

“அக்கா, உங்க கேன்சருக்கு எந்தச் சாமிக்கு வேண்டுனீங்க? மலைச் சாமிக்குத் தானுங்ளா?”

“எதுக்குக் கேக்கற?”

“எனக்கும் வந்துருச்சுங்கக்கா.” சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “பங்குனிலயே இருந்துச்சு. நீங்க வலிக்கலன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது கேன்சருன்னு. யாருகிட்டயும் சொல்லலீங்க. அவிய வந்தப்பறம் மொட்ட போடச் சொல்லலாம்னு இருந்தேன். அவிய போட மாட்டேங்கறாங்க. நா செத்துப் போயிருவனுங்ளாக்கா?”

பங்குனியிலிருந்து. நான் ஆரஞ்சு உரித்துத் தின்றபோதும், மலையில் சிரித்துக்கொண்டு நின்றபோதும், இவள் இதே தெருவில் தனியாகச் சாகத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறாள். என் கேன்சரைப் பார்த்து.

கதவைச் சாத்தினேன். அவளைப் பாயில் உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். மாமாவிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. மேகலையும் நினைவுக்கு வந்தாள். இரண்டு நினைப்பும் வந்தன, போயின.

“எனக்கு வந்தது கேன்சர் இல்ல அம்மிணி.”

நிமிர்ந்து பார்த்தாள்.

“கிருமி. மாத்தரைல ஆறீரும், எனக்கு ஆறிப் போச்சு. நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு உன்னையச் சேலம் கூட்டீட்டுப் போறேன். குமரேசனும் வரோணும். வரமாட்டேன்னா நான் வந்து கேக்கறேன்.”

“கிருமின்னா எப்படிங்கக்கா வந்துச்சு?”

எப்படிச் சொல்வது? டாக்டர் மாதிரி எனக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. கொஞ்ச நேரம் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியே அத்தை எருமையோடு பேசுகிற சத்தம் நின்றிருந்தது.

“மாசி நோம்பிக்குக் குமரேசன் வந்துட்டுப் போனப்ப, லுங்கில கறை இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. கிரீஸ் கறை.”

“கிரீஸுன்னா மண்ணெண்ணெய் வேணுமே. நீ எதுல தொவச்ச?”

என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், திரும்ப என் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்துகொண்டு வந்தது.

“உப்புத் தண்ணீலீங்கக்கா.”

“நானும் அதுலதான்” என்றேன்.